இரும்புத் தாதுப் பெல்லட் உலையில் வெடிக்காமல் எப்படிக் கெட்டியாகிறது?

தூளாக இருக்கும் தாதுவை ஈரத்தோடு பெல்லட் என்கிற சிறு உருண்டைகளாக உருட்டி உலையில் விடுகிறார்களே, அது வெடிக்காதா, உதிராதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரத்தைச் சரியாக விரட்டாவிட்டால் கட்டாயம் வெடிக்கும். சொந்த ஊர் சேலம். இந்தியாவில் பெல்லட் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தென்னாப்பிரிக்காவில் ரஸ்டன்பர்க் பக்கம் குரோம் தாதுவை உருட்டிச் சுடும் ஆலையில் இருக்கிறேன்.

இங்கே சிஷென் சுரங்கத்தில் ஹேமடைட் என்கிற நல்ல இரும்புத் தாது கட்டியாகவே கிடைக்கிறது. தூளைத்தான் பெல்லட் ஆக்கியாக வேண்டும். அப்படியே கொட்டினால், பிறகு இரும்பை உருக்கி எடுக்கும் ஊதுலையில் காற்று மேலே ஏற வழியிருக்காது.

அரைத்த தூளின் பெரும்பகுதி 45 மைக்ரானுக்கும் கீழே, பவுடர் மாதிரி இருக்கும். ஈரம் 9 சதவீதம் அளவில் வேண்டும். கையால் பிடித்துப் பார்த்தால் புட்டு மாவுப் பதம். நூறு கிலோவுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை பெண்டோனைட் களிமண் சேர்ப்போம். சாய்ந்து சுழலும் தட்டில் கடுகளவு விதை உண்டாகி, உருள உருளச் சுண்டைக்காய் அளவுக்கு வரும். இதுதான் பச்சை உருண்டை. 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் போடுவோம். நாலைந்து தடவை உடையாமல் தாங்கினால் சரி.

அப்புறம் உலர்த்துவது. எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் முக்கியம். கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டியவர்களுக்கு இது உடனே புரியும். உருட்டியதும் துணியில் பரப்பி ஆறவிடாமல் எண்ணெயில் போட்டால், உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிப் பட்டென்று வெடிக்கும். பெல்லட்டும் அப்படியே. நகரும் கம்பித் தட்டில் அடுக்கடுக்காகப் பரப்பி, சூடான காற்றை முதலில் கீழிருந்து மேலே விடுவோம். மேலிருந்து விட்டால் மேலடுக்கின் ஆவி அடியில் போய்த் தண்ணீராகி, அடி உருண்டைகள் கூழாகிவிடும்.

ஒரு ராத்திரி, தாதுக் கூழிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியில் கோளாறாகி ஈரம் ஏறிவிட்டது. யாரும் சூட்டைக் குறைக்கவில்லை. உருண்டைகள் வெடித்து, தூசி இடுக்குகளை அடைத்து, காற்றே போகவில்லை. விடியற்காலை வந்த பெல்லட்டில் பாதி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. அன்றிலிருந்து ஷிப்ட் ஆரம்பித்ததும் முதலில் ஈர அளவைத்தான் பார்க்கிறேன்.

உலர்ந்தபின் படிப்படியாகச் சூடேற்றி 1250 முதல் 1350 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோவோம். முழுசாக உருகவிடக் கூடாது. துகள்களின் படிகங்கள் ஒன்றோடொன்று வளர்ந்து பிணைய வேண்டும். தாது மேக்னடைட் என்கிற கறுப்பு வகையாக இருந்தால் அது ஆக்சிஜனை எடுத்து ஹேமடைட்டாக மாறும்போது தானே சூடு தரும், எரிபொருள் மிச்சம். ஹேமடைட்டுக்கு எல்லாச் சூட்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும். ஆறவைக்கும்போது வெளியேறும் சூடான காற்று திரும்ப உலர்த்தும் பகுதிக்கே போகிறது.

நல்ல பெல்லட் ஒன்று 250 கிலோ அழுத்தம் தாங்கும். மேக்னடைட் பெல்லட்டைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு தெரிந்தால், ஆக்சிஜன் உள்ளே போவதற்குள் அவசரப்பட்டுச் சூடேற்றியிருக்கிறார்கள்.