ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமைப் படுக்கையறை என்று சொல்லி வாடகைக்கு விடலாமா?

கட்டில் போட இடம் இருந்தால் மட்டும் போதாது. முதலில் ஜன்னலைப் பாருங்கள். தீப்பிடித்துக் கதவுப் பக்கம் போக முடியாவிட்டால் ஆள் அதன் வழியேதான் வெளியேற வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐஆர்சி (சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு) கட்டட விதிப்படி, ஜன்னலின் திறப்பு குறைந்தது 5.7 சதுர அடி (தரைத்தளத்தில் 5), அகலம் 20 அங்குலம், உயரம் 24 அங்குலம் இருக்க வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: 20-ஐ 24-ஆல் பெருக்கினால் 3.3 சதுர அடிதான் வரும், தேறாது. நகர்த்தும் ஜன்னல் பாதிதான் திறக்கும். அதனால் ஜன்னல் சட்டகத்தை அளக்காமல், முழுக்கத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளியை அளங்கள். பாதுகாப்புக் கம்பி இருந்தால் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்தே திறக்க வர வேண்டும்.

அதே விதிப்படி அறையின் பரப்பு குறைந்தது 70 சதுர அடி. எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையக்கூடாது, கூரையின் உயரமும் அப்படியே. இங்கிலாந்தில், பலர் பகிர்ந்து வாழும் உரிமம் பெற்ற வீடுகளில் படுக்கையறை குறைந்தது பெரியவர் ஒருவருக்கு 6.51, இருவருக்கு 10.22 சதுர மீட்டர், கூரை 1.5 மீட்டருக்குத் தாழ்ந்த பகுதி கணக்கில் வராது. சாய்ந்த கூரைக்குக் கீழே உள்ள மாடி அறைகள் பெரும்பாலும் இதில்தான் அடிபடும்.

சுவர் அலமாரி கட்டாயம் என்பது தரகர் பேச்சு. ஐஆர்சி அதைக் கேட்பதில்லை. அறைக்குள் புகை அலாரம் வேண்டும் என்றுதான் கேட்கிறது.