இரண்டு வேளை பல் தேய்த்தும் வாய் நாறுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 34. துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். தினமும் இரண்டு வேளை பல் தேய்த்தாலும் மதியத்துக்கு மேல் வாய் நாறுகிறது என்று மனைவியே சொல்லிவிட்டார். வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்கிறார்கள். கிராம்பு மென்றால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, அப்புறம் பழையபடிதான். மூலிகையில் தீர்வு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் வயிற்றை விடுங்கள். வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது. பிரஷ் போய்ச் சேராத நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்கிலும் ஈறு ஓரத்திலும் தங்கும் கிருமிகள், உணவுத் துணுக்கில் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. நாற்றம் அதுதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, குமட்டாத அளவுக்கு நாக்கின் உள்பக்கம் வைத்து மெதுவாக முன்னால் வழியுங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவுபோல ஒட்டி வரும். அரை நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் டங் கிளீனர் வாங்கித் தினமும் வழிக்க வேண்டியதுதான். கடைவாய்ப் பல் இடுக்கில் நூல் விட்டு எடுத்தும் இதேபோல முகர்ந்து பார்க்கலாம்.

மதியத்துக்கு மேல் என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். காலையிலிருந்து பேசிப் பேசி வாய் உலர்ந்துவிடுகிறது. கிருமிகளைக் கழுவித் தள்ளுவதே எச்சில்தான். அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் கடை ஊழியர்கள் நிறைய. நீங்களும் அப்படியா? அலர்ஜி மாத்திரை, சில பி.பி. மாத்திரைகளும் வாயை உலர்த்தும்.

இனி மூலிகை. நான் சிபாரிசு செய்வது திரிபலா சூரணம், அதாவது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவிட்டு, வடிகட்டி, வெதுவெதுப்பானதும் காலையும் இரவும் கொப்பளியுங்கள். கடுக்காய், நெல்லிக்காயின் துவர்ப்பு ஈறுக்கு நல்லது. துப்பிவிடுங்கள், திரிபலா மலமிளக்கி, விழுங்கினால் கடையில் வேறு அவதி! நாக்கை வழித்த பிறகு கொப்பளித்தால்தான் பலன்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் சரிதான். ஆனால் பல் தேய்ப்பதற்குப் பதிலாக அல்ல.

கிராம்பில் உள்ள யூஜெனால் கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் நாக்கில் படிந்ததை அது எடுக்காது. அதனால்தான் கொஞ்ச நேரத்தோடு சரி. கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவாதீர்கள், புண்ணாகிவிடும். சாப்பிட்டபின் சோம்போ ஏலக்காயோ மெல்லுங்கள், எச்சில் ஊறும். சர்க்கரை பூசிய கலர் சோம்பு வேண்டாம். வெற்றிலை மணக்கும் என்று பாக்கோடு போடும் பழக்கமும் வேண்டாம். பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், புகையிலையைச் சொல்லவே வேண்டாம். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்ப்பது, செங்கல் பொடி, கரித்தூள் எல்லாம் எனாமலைத் தேய்த்துவிடும்.

மதியச் சாப்பாட்டில் பூண்டும் பச்சை வெங்காயமும் இருந்தால் அந்த வாடை கதை வேறு. அது ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வருகிறது. என்ன கொப்பளித்தாலும் முழுதாகப் போகாது, தானாக அடங்க வேண்டும்.

ஈறில் ரத்தம் வந்தாலோ, பல் ஆடினாலோ, சொத்தை இருந்தாலோ நேராகப் பல் மருத்துவரிடம் போங்கள். பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைக் கரைக்கும் மூலிகை எதுவும் கிடையாது; சித்த மருத்துவம் பார்க்கும் நானே சொல்கிறேன். இரண்டு வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றாலும் முதலில் அவரிடம்தான். பல்லில் ஒன்றுமில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர். டான்சில் குழியில் சேரும் கட்டிகளும் சைனஸ் சளியும் நாறும். சர்க்கரை நோயாளிக்கு மூச்சில் பழ வாடை அடித்து, தாகமும் வாந்தியும் சேர்ந்து வந்தால் மட்டும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.