போன் விற்பவருக்கு என்ன மிஞ்சுகிறது?

கேள்வி: கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு அருகில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பதினைந்தாயிரம் ரூபாய் போன் ஒன்றை விற்று எனக்கு நிற்பதைவிட, அதன்மீது ஒட்டும் டெம்பர்ட் கிளாஸிலும் பின்னால் போடும் கவரிலும் கிடைப்பது சில நாள் அதிகமாக இருக்கிறது. போட்டி கடைக்காரர்களை மட்டும்தான் நெருக்குகிறதா, கம்பெனிகளுக்கும் இதே கதிதானா?

பதில்: பெரும்பாலான கம்பெனிகளுக்கும் இதே கதிதான். ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர்களில் அநேகர் மென்பொருளைக் கூகுளிடமும், சிப்பைக் குவால்காம் அல்லது மீடியாடெக்கிடமும், கேமரா சென்சாரைச் சோனி, சாம்சங் போன்றவர்களிடமும் பெறுவதால், ஒருவர் போனில் வந்த வசதி அடுத்த சில மாதங்களில் மற்றவர் போனிலும் வந்துவிடுகிறது; பிறகு விலையைக் குறைப்பதுதான் வழி. வன்பொருளில் எங்கள் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று ஷாவ்மி நிறுவனம் 2018-இல் அறிவித்தபோது பலர் அதைப் பெருந்தன்மை என்றார்கள். தாண்ட முடியாததைத் தாண்டமாட்டேன் என்று சொன்னதாகவே எனக்குப் பட்டது. அந்தக் கம்பெனி விளம்பரத்திலும் இணையச் சேவைகளிலும் சம்பாதிக்கிறது. புதுப் போனைத் திறந்ததும் நாம் கேட்காத செயலிகள் வரிசையாக நிற்பது இதனால்தான். எல்ஜி தொடர்ந்து நஷ்டப்பட்டு 2021-இல் இந்தத் தொழிலையே விட்டது.

உலகில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் ஆப்பிளுடையது. ஆனால் தொழிலின் மொத்த லாபத்தில் பாதிக்குமேல் அதற்கே போகிறது. மென்பொருளும் சிப் வடிவமைப்பும் அதன் சொந்தச் சரக்கு என்பதால் அதே போனை வேறொருவர் மலிவாகத் தர முடியாது. போனை விற்ற பிறகும் வரவு நிற்பதில்லை: ஆப் ஸ்டோரில் விற்பனையாகும் பலவற்றிலும் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன்; ஐபோனில் இணையம் பார்க்கும் சஃபாரி செயலியில் கூகுள் தேடலை முன்னிறுத்தியதற்காக 2022-இல் மட்டும் கூகுள் தந்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அந்த ஐபோன்களில் ஒரு பகுதியை ஸ்ரீபெரும்புதூரில் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கான் போன்றவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன விலை போகிறது, பெயர் பொறித்த பாக்கெட் தூள் என்ன விலை விற்கிறது என்று தினமும் பார்க்கும் உங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆன்லைனில் போன் வாங்கியவரும் கிளாஸ் ஒட்ட உங்கள் கடைக்குத்தான் ஏறி வருகிறார். மூடுபனி நாளில் திரையின் ஈரத்தைத் துடைத்துக் குமிழி விழாமல் ஒட்டும் கைக்கு அவர் தரும் காசு அது. போன் விலையில் ஆன்லைனோடு மல்லுக்கட்டாமல், பேட்டரியும் டிஸ்பிளேயும் மாற்றித் தரும் வேலையைப் பெருக்கிப் பாருங்கள்.