குளிர் காணாத துலிப் கிழங்கு

கேள்வி: டிசம்பர் முதல் வாரத்தில் முகநூல் விளம்பரம் பார்த்து ஆறு துலிப் கிழங்குகள் 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். பொதி வீட்டுக்கு வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். 'எந்த மண்ணிலும் பூக்கும்' என்று விளம்பரத்தில் இருந்தது. பல்கனியில் சாடிகளில் நட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று கிழங்குகள் இலை விட்டதோடு நின்றுவிட்டன, மற்ற மூன்றும் அழுகிவிட்டன. என்ன பிழை விட்டேன்? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (பெப்ரவரி 10)
வாசகி, வெள்ளவத்தை

பதில்: நாள்தோறும் ஊற்றிய தண்ணீர் அழுகலுக்கு வழிவிட்டிருக்கும். ஆனால் அளந்து ஊற்றியிருந்தாலும் பூ வந்திருக்காது, அம்மா. துலிப் கிழங்குக்குள் அடுத்த பருவத்துப் பூ முன்கூட்டியே உருவாகிவிடுகிறது. அதன் தண்டு நீண்டு வெளியே வர, கிழங்கு 9 பாகைக்குக் குறைந்த குளிரில் ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் கிடக்க வேண்டும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நட்டுப் பனிக்காலம் முழுவதும் மண்ணில் விடுவது அதற்காகத்தான். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. இங்கே குளிர் காணாத கிழங்கு இலையை மட்டும் நீட்டும், உள்ளிருக்கும் பூ கருகிவிடும்.

இதை விற்பவர் அறியாதவராக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். குளிர் வேண்டும் என்பதை மறைத்து 'எந்த மண்ணிலும் பூக்கும்' என்று சொல்லி விற்றது உங்களை ஏமாற்றியதுதான். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் நாள் குறைவு. முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நீங்கள் வாங்கியது டிசம்பர் தொடக்கத்தில். மார்ச் பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள். கிழங்கு வகைகளில் இதுதான் பெரிய கஷ்டம்: பூக்காது என்று நிச்சயமாகத் தெரிவதற்குள் காலக்கெடுவில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), விற்றவரோடு நடந்த உரையாடல், பொதியில் ஒட்டியிருந்த சீட்டு, அழுகிய கிழங்குகளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அவர் மறுத்தால் அதிகாரசபைக்கு எழுதுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். இனி வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. வெளிநாட்டிலிருந்து கிழங்கு கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை. அவற்றைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரூட்டி நட்டால் பூக்குமா? நீலத் துலிப் விதைப் பைக்கற்றும் விற்கிறார்கள், வாங்கலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விதையை வாங்கவே வேண்டாம். விதையிலிருந்து துலிப் பூக்க ஐந்து ஆண்டுக்கு மேலாகும், உண்மையான நீல நிறத் துலிப் உலகில் இல்லவே இல்லை.

கிழங்கைக் குளிரூட்டலாம். காகிதப் பையில் போட்டு மரக்கறித் தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. அதே தட்டில் அப்பிள், வாழைப்பழம், மாம்பழம் இருக்கக்கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூவைக் கெடுத்துவிடும். பையின் மேல் பெயர் எழுதுங்கள், வெங்காயம் என்று எண்ணிக் கறிக்கு நறுக்கினால் நஞ்சு. இவ்வளவு செய்தாலும் நம் வெயிலில் தண்டு குட்டையாகி, பூ சில நாளில் உதிரும். அடுத்த ஆண்டு அந்தக் கிழங்கு பயன்படாது. பூங்கொத்து வாங்கும் கணக்கில் செலவழிக்க மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: கொழும்பு வீட்டுக்கு ஏற்ற கிழங்குப் பூ எது? எப்படிப் பார்த்து வாங்குவது?
வாசகி, தெஹிவளை

பதில்: எனக்குப் பிடித்தது மழை லில்லி. சில வாரம் காய்ந்து கிடந்து, மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்ததும் சில நாளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்தவருக்குத் துலிப் ஏக்கம் குறையும். பெரிய பூ வேண்டுமானால் எக்காள வடிவில் சிவப்பாகப் பூக்கும் ஹிப்பியாஸ்ட்ரம். பத்தரமுல்லை தியத்த உயனவில் செடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நேரில் போய்ப் பாருங்கள்.

கிழங்கைக் கையில் எடுத்து அழுத்துங்கள். பாரமாகவும் கல்போலவும் இருக்க வேண்டும். அடித்தட்டு மெத்தென்றிருந்தாலோ பூஞ்சண வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். பருமனுக்குத்தான் விலை. நூலால் சுற்றளவை அளந்தே பேரம் பேசலாம், சிறியது முதல் ஆண்டில் இலையோடு நின்றுவிடும். ஹிப்பியாஸ்ட்ரம் நடும்போது கழுத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும். மண்ணில் ஆற்று மணலும் தும்புச்சோறும் கலந்து, சாடியின் துளை அடைபடாமல் பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.