ஐக்யூ, ஆட்டிசம், டிஸ்லெக்சியா: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான்: "டாக்டர் ஒரு பெயர் சொல்லிவிட்டார், இனி என்ன செய்வது?" பெயர் தெரிவது நல்லதுதான். சான்றிதழுக்கும் சலுகைக்கும் அது வேண்டும். ஆனால் பிள்ளையை உட்கார வைத்து எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அந்தப் பெயர் சொல்லாது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகக் கற்கிறார்கள்.

என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். இப்போதுதான் ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறான். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலமே தெரியாது. — ஒரு தாய், ஈரோடு

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று கனடாவில் 2012-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் அங்கேயே 2005-ல் இதே முடிவு கிடைத்தது.

ஆய்வை விடுங்கள், உங்கள் சமையலறையைப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் என்று முடிவு செய்தால் நீங்கள் அவனிடம் பேசப்போவது "கம், ஈட், சிட், நோ" அவ்வளவுதான். தமிழில் என்றால், "அய்யோ, தோசை கருகிப்போச்சே! பாட்டிகிட்ட காட்டலாமா? பாட்டி, இங்க பாருங்க!" என்று உங்களை அறியாமலே சொல்வீர்கள். இதில் வியப்பு இருக்கிறது, கேள்வி இருக்கிறது, இன்னொருவரைப் பேச்சுக்குள் இழுப்பதும் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது அதுதான். பாட்டியின் பேச்சை அவனிடமிருந்து பறிக்காதீர்கள்.

ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். பரிசோதனையில் ஐக்யூ 62 என்று வந்தது. "படிப்பு வராது, ஏதாவது கைத்தொழில் பாருங்கள்" என்கிறார்கள். அவனோ வீட்டில் ரிமோட்டைப் பிரித்து மறுபடி சரியாகப் பூட்டுகிறான். — ஒரு தந்தை, திருச்சி

முதலில் எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள். பினே-காமத், மாலின் போன்ற சோதனைகளில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நிறைய. பேசவும், பேச்சைப் புரிந்துகொள்ளவும் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றமே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். அப்புறம் அதை "அறிவு குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள்.

மாண்ட்ரியல் ஆய்வுக் குழு ஒன்று 2007-ல் இதை நேரடியாகவே சோதித்தது. அதன் முதன்மை ஆய்வாளர் மிஷெல் டாசன் தானே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ள 38 குழந்தைகளுக்கு வழக்கமான ஐக்யூ சோதனையான வெக்ஸ்லரையும், படங்களின் வரிசையில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் சோதனையையும் கொடுத்தார்கள். நூறு பிள்ளைகளைத் திறமைப்படி வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், ரேவன் சோதனையில் அதே குழந்தைகள் சராசரியாக 30 இடம் முன்னால் போய் நின்றார்கள். சிலர் 70 இடத்துக்கும் மேல். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த இடைவெளி எல்லாரிடமும் இவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் மேதை ஒளிந்திருப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே ஒரு சோதனையின் ஒரே ஓர் எண்ணை வைத்து வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

உளவியலாளரிடம் மொத்த எண்ணை மட்டும் வாங்கி வராதீர்கள். பகுதி பகுதியாக எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவன் பார்த்துச் செய்கிற பகுதியில் நன்றாகவும், கேட்டுச் சொல்கிற பகுதியில் குறைவாகவும் வாங்கியிருந்தால் பாடத்தையும் அப்படியே மாற்ற வேண்டும்: படம், வரைபடம், செய்து காட்டுதல், எழுதிக் கொடுத்த சின்னச் சின்னக் கட்டளைகள். அந்த அறைக்கு அன்றுதான் முதல் தடவை போனானா, சோதித்தவர் பேசிய மொழி அவனுக்குப் பழக்கமானதா என்பதையும் கேளுங்கள். ரிமோட் விஷயத்தை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது வெறும் விளையாட்டு இல்லை, வரிசையை நினைவில் வைக்கிற வேலை.

கைத்தொழில் கேவலமில்லை. ஆனால் அதை ஒன்பது வயதில் தீர்ப்பாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016-ன்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருப்பதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

ஆறு வயதுப் பேத்திக்கு டவுன் சிண்ட்ரோம். பேச்சு தெளிவில்லை. "முதலில் பேசட்டும், அப்புறம் படிக்க வைக்கலாம்" என்கிறது பள்ளி. காத்திருக்கலாமா? — ஒரு தாத்தா, நாகர்கோவில்

காத்திருக்காதீர்கள் ஐயா. இந்த விஷயத்தில் ஆய்வுகள் பள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கின்றன.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்குக் காதில் விழுந்ததைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைப்பதுதான் சிரமம். கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாகத் தங்கும். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து அட்டையில் அங்கேயே இருக்கும். இங்கிலாந்தில் ஒரு தந்தை, தன் மகள் கேட்ட சொற்களைவிட எழுத்தில் பார்த்த சொற்களை நன்றாக நினைவில் வைக்கிறாள் என்று போர்ட்ஸ்மத்தைச் சேர்ந்த உளவியலாளர் சூ பக்லிக்கு எழுதினார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வு 1980-கள் முழுவதும் வளர்ந்தது. வாசிக்கக் கற்ற குழந்தைகள் பலர், அட்டையில் படித்த சொல்லைப் பிறகு பேச்சிலும் கொண்டு வந்தார்கள்.

வீட்டில் செய்யும் முறை எளிது. அவளுக்குப் பிடித்த நாலு சொற்கள்: தாத்தா, பால், பூனை, பந்து. ஒவ்வொன்றையும் இரண்டு அட்டைகளில் பெரிதாக எழுதுங்கள். முதலில், ஒரே மாதிரி அட்டையின் மேல் அட்டையை வைக்கச் சொல்லுங்கள். அது பழகியதும், "பூனை எது, எடு" என்று கேளுங்கள். அவளே பெயர் சொல்வது கடைசிப் படி. சொல்ல வரவில்லை என்றால் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். தவறாக எடுக்கும் முன் கையைச் சரியான அட்டைக்கு நகர்த்திவிடுங்கள். "தப்பு, தப்பு" என்று கேட்டுக்கேட்டு அலுத்த குழந்தை அட்டையைப் பார்த்தாலே ஓடிவிடும்.

பலனைக் கூட்டிச் சொல்லக்கூடாது. இங்கிலாந்தில் 57 குழந்தைகளோடு நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், தினமும் 40 நிமிடம் சொல்லிக்கொடுத்தபோது வாசிப்பு முன்னேறியது. சொல்வளத்தில் குறிப்பாகக் கற்றுக்கொடுத்த சொற்கள்தான் கூடின, மற்றவை தானாகப் பெருகவில்லை. ஆகவே நாள்தோறும் அவளுக்குத் தேவைப்படும் சொற்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கூடவே காது. இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோர்ப்பது மிகச் சாதாரணம். பேச்சு தெளிவில்லாததற்கு அதுவும் பாதிக் காரணமாக இருக்கலாம். இந்த மாதமே கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.

கணக்கு வராது என்றும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1999-ல் உளவியலாளர் அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித்தின் லண்டன் குழு வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்லுங்கள். கைக்குழந்தைப் பருவத்தில் எண்ணிக்கை வித்தியாசத்தை வில்லியம்ஸ் சிண்ட்ரோம் (மரபணு மாற்றத்தால் வரும் இன்னொரு நிலை) உள்ள குழந்தைகள் கண்டுபிடித்தார்கள், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் திணறினார்கள். பெரியவர்களிடம் பார்த்தால் நேர் தலைகீழ்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களே எண்களில் மேல். தொடக்கத்தில் இருப்பதை வைத்து முடிவைக் கணிக்க முடியாது என்று அவர் ஆயுள் முழுக்க வாதாடினார்.

நினைவாற்றலைக் கூட்டும் ஆப் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். மகளுக்குக் கவனக்குறைவு. பலன் இருக்குமா? — மதுரை

ஆப்பில் வரும் விளையாட்டில் கெட்டிக்காரி ஆவாள். அந்தத் திறமை வாசிப்புக்கோ கணக்குக்கோ போய்ச் சேர்வதில்லை. 2013-ல் ஆய்வாளர்கள் மோனிகா மெல்பி-லெர்வாக்கும் சார்ல்ஸ் ஹியூமும் 23 ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய முடிவு இதுதான். மூளைப் பயிற்சி என்று விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் வாக்குறுதி கொடுத்ததற்காக 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது.

நினைவின் மேல் ஏறும் சுமையைக் குறைப்பது இலவசம். "ஷூவைக் கழட்டி, லஞ்ச் பாக்ஸைத் தொட்டியில் போட்டு, கைகால் கழுவிட்டு, டைரியை எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவளிடம் மிஞ்சுவது டைரி மட்டும்தான். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அல்லது நாலு படம் வரைந்து வாசலில் ஒட்டுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பையன். ஓரிடத்தில் உட்காருவதில்லை, ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென இருக்கும் நிலை) இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறார் டீச்சர். வகுப்பிலேயே இவன்தான் வயதில் சின்னவன். — கோவை

உங்கள் கடைசி வரிதான் முக்கியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்த 2012 ஆய்வில், வகுப்பில் மூத்தவர்களைவிட இளையவர்களுக்கு ஏடிஎச்டி என்று பெயர் விழுவது கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளில் 30 சதவீதம், பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். பத்து, பதினோரு மாத வித்தியாசத்தை நோயாக எண்ணிவிடும் ஆபத்து நிஜமானது.

அதற்காகத் தள்ளியும் போடாதீர்கள். வீட்டிலும், பாட்டி வீட்டிலும், விளையாடுமிடத்திலும் இதே நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் மட்டும் என்றால் வகுப்பறையை முதலில் பாருங்கள்.

நாலாம் வகுப்பு மகள் தமிழைப் பிழையில்லாமல், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறாள். ஆங்கிலம் சுத்தமாக வரவில்லை. தமிழ் படிக்கிறாளே, அப்போது டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) எப்படி? கலர் கண்ணாடி போட்டால் சரியாகுமா? — திருநெல்வேலி

இருக்கலாம். எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்துகிற மொழிகளில் டிஸ்லெக்சியா பிழையாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே வெளிப்படும். ஜெர்மன் பேசும் பிள்ளைகளிடம் உளவியலாளர் ஹைன்ஸ் விம்மர் 1990-களிலேயே இதைக் காட்டினார். தமிழிலும் நான் பார்ப்பது இதைத்தான். எழுத்துக்கூட்டி எப்படியோ சொல்லைப் பிடித்துவிடுவார்கள். வாக்கியம் முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும்.

நம் எழுத்துமுறைக்கு என்று தனிச் சிரமங்களும் உண்டு. 247 எழுத்துகள். "கொ"வில் ஒலி பின்னால் வர, கொம்பு முன்னால் நிற்கிறது, காலோ பின்னால் போகிறது. "பம்பரம்" என்பதில் இரண்டு "ப"வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. கன்னடப் பிள்ளைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வில், எழுத்துகள் முழுவதும் கைவசமாக நாலாம், ஐந்தாம் வகுப்பு வரை ஆவது தெரிந்தது. அதனால் ஓரளவு மெதுவாக இருப்பதே குறை ஆகிவிடாது. வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டு, முறையான மதிப்பீடு செய்யுங்கள்.

கலர் கண்ணாடி வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவக் கழகமும் 2009-லேயே அதற்கு ஆதாரமில்லை என்று கூட்டாக அறிவித்தன. அதற்குப் பதில், தினமும் பத்து நிமிடம் ஒரே பத்தியை அவளோடு சேர்ந்து மூன்று, நாலு தடவை வாசியுங்கள். சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கத் தயார். — சேலம்

வைக்காதீர்கள் அம்மா. ஐசிஎம்ஆர் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டுமே அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. ஆட்டிசம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வு என்று சொல்லி உங்களிடம் காசு கேட்டால் அதுவே தவறு.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016-ல் வெளியான 'பாஸ்' (PASS) என்ற ஆய்வில், நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கினார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைத் தாயிடமே போட்டுக் காட்டி, பிள்ளை எப்போது தானாகத் தாயை நோக்கி வந்தான் என்று கண்டுபிடிக்க வைப்பது அந்த முறை. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது, பிள்ளைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. உங்கள் தெரபிஸ்ட்டிடம், அடுத்த வகுப்பில் கதவுக்கு வெளியே உட்காரச் சொல்லாமல் உள்ளே உங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். போனில் ஐந்து நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.