கடலோர வீட்டுக்கு ஹாலோ பிளாக் சரிவருமா? தயாரிப்பாளர் சங்கம் கொத்தனார்களுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும்?

தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கம் தாராளமாகக் கட்டலாம். சுவர் விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் பழக்கம்தான் காரணம். செங்கல்லை நனைத்துக் கட்டிய கை, பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போடுகிறது. ஊறிய பிளாக் சுவரில் ஏறியபின் காய்ந்து சுருங்கும். இணைப்பு வழியே படிப்படியாக விரிசல் ஓடும். பயிற்சியில் முதல் பாடம் இதுவாகவே இருக்கட்டும்: பிளாக்கை உலர்வாகவே வையுங்கள், வெயில் கொளுத்தினால் மேல்முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். சிமெண்ட்-மணல் கலவை 1:6, பிளாக்குகளுக்கு இடையே இணைப்பு 10 மி.மீ.

பிளாக் தயாரிக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பாடம் உண்டு. கான்கிரீட் பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2185 சொல்வது 14 நாள் நீராற்றல் (ஈரம் காயாமல் வைத்திருப்பது), பிறகு 4 வாரம் உலர்த்தல். அவசரத்தில் ஒரே வாரத்தில் லாரி ஏற்றுவது பெரிய தவறு. உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கடற்கரை மணலும் கலவைக்குள் வரவே கூடாது. சுவரில் உப்பு பூக்கும், கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் கம்பி துருப்பிடித்துக் காரையைப் பிளக்கும்.

வாங்குபவர் முன்னிலையிலேயே சங்கம் சோதித்துக் காட்டலாம்: நன்கு உலர்ந்த 18 கிலோ பிளாக், 24 மணி நேரம் ஊறியபின் 19.8 கிலோவைத் தாண்டக் கூடாது, அதாவது 10 சதவீதம். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கும்படி பொறியாளர்களிடம் விடாமல் கேட்பதும் சங்கத்தின் வேலைதான்.