'ஏஐ' என்று பெயர் போட்ட சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள்

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படித்து 171 கட்-ஆஃப் வைத்திருக்கிறாள். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் சித்தப்பா, "இனிமே ஏஐ இல்லாத டிகிரிக்கு மதிப்பே இல்ல" என்று சொல்லி, ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் பி.டெக். சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். அதில் 12 லட்சம் கல்விக்கடன், வீட்டுப் பத்திரம் ஈடு. மகளோ பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும் என்கிறாள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதையே நோண்டிக்கொண்டிருக்கிறாளாம். "இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?" என்கிறார்.

ஐயா, பெண்ணின் எதிர்காலத்தை நினைத்துத் தூக்கம் வராமல் இருக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே ஒரு வழியில்தான் இருக்கிறாள். அந்த வழி எங்கே போகிறது என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

முதலில் பணம். 12 லட்சம், 11 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்று கணக்குப் போட்டால் மாதம் சுமார் 16,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். உங்கள் பத்திரம் உள்ளே போவது அதனால்தான். வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானால்கூட இந்தத் தவணை காத்திருக்காது. பாடப்பெயரில் 'ஏஐ' இருக்கிறது என்பதற்காக இந்தச் சுமையை ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள். சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

அடுத்து அந்தப் பெயர். இத்தகைய பாடத்திட்டங்கள் பலவற்றில் மாணவர்கள் தயாராகக் கிடைக்கும் தரவை எடுத்து, தயாராகக் கிடைக்கும் மாடலை நான்கைந்து வரிகளில் அழைத்து, துல்லியம் எத்தனை சதவீதம் என்று அறிக்கை எழுதுகிறார்கள். இதை உங்கள் மகள் ஒரு மாதத்தில் வீட்டிலேயே கற்றுக்கொள்வாள். ஒரே கணினியில் ஓடும் அந்த நிரலை நூறு கணினிகளில், பல ஜிபியுக்களில் (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குப் போடும் சிப்புகளில்), நின்றுபோகாமல், காசைக் கரைக்காமல் ஓட வைப்பது வேறு விதமான வேலை. வானிலைக் கணிப்பு, மருந்து மூலக்கூறு ஆய்வு, கார் மீது காற்று மோதுவதைக் கணக்கிடுவது, மொழி மாடல்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாமே இப்படிப்பட்ட கணினிக் கூட்டங்களில், அதாவது கிளஸ்டர்களில்தான் நடக்கிறது. அவற்றைக் கட்டி, ஓட்டி, பழுது பார்ப்பவர்களை ஹெச்பிசி (உயர்திறன் கணிப்பு) இன்ஜினியர், ரிசர்ச் கம்ப்யூட்டிங் இன்ஜினியர், எம்எல் (இயந்திரக் கற்றல்) பிளாட்ஃபார்ம் இன்ஜினியர் என்று வெவ்வேறு பெயர்களில் வேலைக்கு எடுக்கிறார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தத் துறையைத்தான். மற்ற வழிகளைச் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இது அமெரிக்காவில் மட்டும் இருக்கும் வேலை இல்லை. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் 2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. அதன் கீழ் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அமைத்த 'பரம் பொருள்' 838 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு) திறனோடு 2022 முதல் திருச்சி என்ஐடியில் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 'பரம் பிரவேகா' இருக்கிறது. வானிலைக்கென்று புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற இரண்டு கணினிகளை 2024-ல் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டத்தின் மதிப்பு 10,372 கோடி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிபியுக்களை ஆய்வாளர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கிடைக்கச் செய்வது அதன் பெரிய நோக்கம். சொந்தமாகக் கணினி வாங்காத நிறுவனங்கள் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் கிளவுடில், அதாவது இணையவழி வாடகைக் கணினிகளில், தேவைக்கு ஒரு கிளஸ்டரை எழுப்பி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுகின்றன. எங்கே இருந்தாலும் அந்தக் கிளஸ்டருக்குள் அநேகமாக லினக்ஸ்தான் ஓடுகிறது. வீட்டில் அவள் 'நோண்டிக்கொண்டிருப்பது' அதைத்தான்.

வேலை எப்படி இருக்கும்? நூறு ஆய்வாளர்கள் ஒரே கிளஸ்டருக்கு வேலை அனுப்புவார்கள். யாருக்கு எப்போது இடம் என்று முடிவு செய்வது ஸ்லர்ம் என்ற மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது, இன்று உலகின் பெரிய கணினிகள் பலவற்றில் ஓடுகிறது. கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் கொண்ட குடும்பத்துக்கு வரிசையாக இலை காலியாகும்வரை, நடுவில் காலியான இரண்டு இலையில் சீக்கிரம் எழுந்துவிடக்கூடிய இருவரை அவர் உட்கார வைப்பார். ஸ்லர்மும் அப்படித்தான் செய்கிறது. ஆனால் இரண்டு மணி நேர வேலைக்கு 48 மணி நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அந்த இடைவெளியில் நுழைய முடியாது. குறைத்து எழுதினாலோ, கெடு முடிந்ததும் வேலையை நிறுத்திவிடும். தேவையான நேரம், நினைவகம், கோர் (சிப்புக்குள் இருக்கும் கணக்குப் பிரிவு) எண்ணிக்கை மூன்றையும் அளந்து எழுதச் சொல்லிக்கொடுப்பதே இந்தப் பணியில் பாதி.

மீதிப் பாதி, ஓடாததை ஓட வைப்பது. ஓர் ஆய்வாளர் 32 கோர் உள்ள நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) 32 பைதான் செயல்முறைகளைத் தொடங்குகிறார். அதற்குள் இருக்கும் கணித நூலகம் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியாக 32 திரெட் (இணையாக ஓடும் வேலை இழை) எழுப்புகிறது. மொத்தம் 1,024 திரெட் 32 கோருக்கு அடித்துக்கொள்கின்றன. வேலை தனியாக ஓடியதைவிட மெதுவாகிறது. ஓபன்எம்பி (திரெட்களை எழுப்பும் முறை) திரெட் எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு சூழல் மாறியை 1 என்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு வரி எங்கே வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும். இன்னொருவர், எல்லோரும் உள்ளே நுழையும் முகப்பு நோடில், அந்தச் சிப்புக்கென்றே கம்பைல் செய்யும் (இயந்திர மொழிக்கு மாற்றும்) தெரிவைப் போட்டு மென்பொருளைக் கட்டுகிறார். வேலை உண்மையில் ஓடும் கணக்கு நோடில் பழைய சிப் இருக்கிறது. நிரல் தொடங்கியதுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (சிப்புக்குப் புரியாத கட்டளை) என்று செத்துப்போகிறது. அவர் தன் நிரலில் பிழை தேடி ஒரு வாரத்தைத் தொலைப்பார்.

செத்துப்போகிற வேலையையாவது கண்டுபிடித்துவிடலாம். ஓடிக்கொண்டே காசைத் தின்பதுதான் ஆபத்து. எட்டு ஜிபியு உள்ள இரண்டு நோடுகளில் மாடலுக்குப் பயிற்சி நடக்கிறது. ஒவ்வொரு அடியிலும் 16 ஜிபியுக்களும், மாடலை எப்படித் திருத்துவது என்று சொல்லும் தங்கள் கிரேடியன்ட் எண்களைக் கூட்டிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நோடுக்குள் அதற்கு அதிவேக இணைப்பு உண்டு. நோடுகளுக்கு இடையே, அமேசான் கிளவுடாக இருந்தால், இஎஃப்ஏ என்ற தனி வலையமைப்பு வேண்டும். அதற்கான நூலகம் கன்டெய்னருக்குள் (நிரலும் அதன் நூலகங்களும் அடங்கிய பொதிக்குள்) இல்லையென்றால் பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. ஜிபியுக்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் என்விடியாவின் என்சிசிஎல் நூலகம் சத்தமில்லாமல் டிசிபி என்ற சாதாரண வலை வழிக்குப் போய்விடும். பயிற்சி நடக்கும், பிழை அளவும் குறையும், ஆனால் இரண்டு நோடு சேர்ந்து ஒரு நோடைவிட மெதுவாக ஓடக்கூடும். என்சிசிஎல்லின் டீபக் மாறியை 'இன்ஃபோ' என்று வைத்து, லாக் பதிவின் ஆரம்ப வரிகளில் 'சாக்கெட்' என்ற சொல் வருகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். பொறுமையாகப் பதிவைப் படிக்கிற குணம் இல்லாதவருக்கு இந்த வேலை நரகம். அது இருப்பவருக்கு இவ்வளவு திருப்தியான வேலை வேறு இல்லை.

இதோடு தரவு. பத்து லட்சம் சின்னச் சின்னப் படக் கோப்புகளை லஸ்டர் போன்ற, கிளஸ்டர் முழுக்கப் பகிரும் கோப்பு அமைப்பில் அப்படியே வைத்தால், ஒவ்வொன்றையும் திறக்க, எந்தக் கோப்பு எங்கே என்று வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வரிடம் கேட்க வேண்டியிருக்கும். ஜிபியுக்கள் சும்மா காத்திருக்கும். சில நூறு டார் கோப்புகளாகக் கட்டி வைத்தால் அந்த நெரிசல் போய்விடும். செலவைக் குறைக்க கிளவுடில் ஸ்பாட் என்ற மலிவு வகைக் கணினிகளை எடுத்தால், அமேசான் இரண்டு நிமிட முன்னறிவிப்பிலும் கூகுள் 30 நொடியிலும் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். பயிற்சி எதுவரை வந்தது என்று சேமிக்கும் 40 ஜிபி அளவுள்ள செக்பாயின்ட்டை 30 நொடியில் எழுத வேண்டுமானால் நொடிக்கு 1.3 ஜிபிக்கு மேல் வேகம் தேவை. எனவே அறிவிப்பை நம்பி உட்காராமல், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகச் சேமித்துவர வேண்டும்.

இயற்பியல் இங்கே எதற்கு என்று சித்தப்பா கேட்பார். கிளஸ்டரில் ஓடும் கணக்குகளில் பெரும்பகுதி இயற்பியலும் கணிதமும்தான். வானிலைக்கு டபிள்யூஆர்எஃப், புரத மூலக்கூறுக்கு குரோமாக்ஸ், திடப்பொருளுக்கு குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்று ஓடும் மென்பொருள்களை அமைத்துக் கொடுப்பவருக்கு, வரும் விடை இயற்கைக்குப் பொருந்துகிறதா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியை இயற்பியல் தருகிறது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு ஆகும் செலவு சில ஆயிரம்.

ஆனால் பி.எஸ்சி.யோடு நிற்கக் கூடாது. பிறகு எம்.எஸ்சி.; அதற்கு ஐஐடி ஜாம் தேர்வு எழுதட்டும். அதன்பின் சி-டாக் நடத்தும் சுமார் ஆறு மாத முதுநிலை டிப்ளமோக்களில் ஹெச்பிசி சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் என்றே ஒன்று உண்டு. அதற்கான சி-கேட் (C-CAT) என்ற நுழைவுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. தகுதிப் பட்டங்களையும் கட்டணத்தையும் அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி வளாகத்துக்கு இந்த வேலைக்கென்று கம்பெனி வந்து நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு நிறுவனங்களில் முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் திட்டப்பணியாக இருக்கும். ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தினமும் படித்தாக வேண்டும். கடன் இல்லாத பெண்ணால் அந்த முதல் இரண்டு ஆண்டைத் தாங்க முடியும். மாதம் 16,500 கட்ட வேண்டியவளால் முடியாது.

இனி மகளுக்கு. அம்மா, இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடு. 8 ஜிபி நினைவகம் இருந்தால் இழுத்துப் பிடித்து ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. ஒரு கணினிக்குள் பல கணினிகளை எழுப்பும் விர்ச்சுவல்பாக்ஸில் ஜன்னல் திரை எதுவும் இல்லாத லினக்ஸ் சர்வர் மூன்று: ஒரு தலைமை நோடு, இரண்டு கணக்கு நோடு, ஒவ்வொன்றுக்கும் 1.5 அல்லது 2 ஜிபி. மூன்றுக்கும் நிலையான ஐபி கொடு. மூன்றிலும் உன் பயனர் எண் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) வழியாகப் பகிர்ந்த ஹோம் கோப்பகத்தில் 'பெர்மிஷன் டினைடு' என்றே வந்துகொண்டிருக்கும். நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் முஞ்ச் மென்பொருளின் சாவிக் கோப்பு மூன்றிலும் ஒரே பிரதியாக, முஞ்ச் பயனர் மட்டும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் முஞ்ச் நம்பாது, அதனால் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி போடு. ஸ்லர்ம் அமைப்புக் கோப்பும் மூன்றிலும் ஒன்றே. நோடு, புது வேலை ஏற்காத 'டிரெயின்' நிலையில் மாட்டிக்கொண்டால் காரணத்தைப் படி. 'லோ ரியல்மெமரி' என்று இருந்தால், கோப்பில் நீ எழுதிய நினைவகம் உண்மையில் இருப்பதைவிட அதிகம். குறைத்து எழுதி, ஸ்லர்மின் எஸ்கன்ட்ரோல் கட்டளை மூலம் நோடை 'ரெஸ்யூம்' செய்.

பிறகு இரு பரிமாண வெப்பப் பரவல் சமன்பாட்டை எம்பிஐ (செயல்முறைகள் தங்களுக்குள் செய்தி அனுப்ப உதவும் முறை) கொண்டு எழுது. தகட்டைப் பட்டைகளாகப் பிரித்து, ஓரத்து எண்களைப் பக்கத்துச் செயல்முறையோடு பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு செயல்முறைகளில் நேரம் அளந்து வரைபடம் போடு. நிரலில் 5 சதவீதம் பிரிக்க முடியாத பகுதி இருந்தால் 16 செயல்முறைக்கு வேகம் 9 மடங்கைச் சற்றே தாண்டும், எத்தனை கணினி சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இது. கையால் போட்டுப் பார். ஜிபியு பழக கேகிள், கோலாப் இணையதளங்கள் இலவசமாகத் தருவது இப்போதைக்குப் போதும்.

அப்பாவின் கிரெடிட் கார்டைக் கிளவுடில் பதிவு செய்யாதே. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். கணினியைத் தானாக அணைக்காது. மணிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள், வெள்ளி இரவு ஒன்பதுக்கு மறந்துவிட்டுத் திங்கள் காலை ஒன்பதுக்குப் பார்த்தால் 60 மணி நேரம், 1,20,000 ரூபாய். கணினியை நீக்கிய பிறகும் வட்டுக்கும் ஐபி முகவரிக்கும் வாடகை ஓடலாம். கல்லூரியோ ஆய்வகமோ கணக்குக் கொடுக்கும்போது கிளவுடைத் தொடு.

ஐயா, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால், திரும்பப் பெறும் கெடு எந்தத் தேதி என்று நாளையே எழுத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். அரசுக் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இயற்பியலை மகளே நிரப்பட்டும். சித்தப்பா மறுபடி போன் செய்தால் அந்தப் பாடத்திட்டத்தை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அதில் லினக்ஸ், இணைக் கணிப்பு, கிளஸ்டர் எத்தனை மணி நேரம் என்று உங்கள் மகளே எண்ணிச் சொல்லட்டும்.